அந்த ஹைட்ரஜன் செல்லைக் காரிலிருந்து கழற்றி மேசையில் வை

அன்புள்ள பாப்பாவுக்கு,

தண்ணீரைக் கரண்டால் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து, அந்த கேஸை எஞ்சினுக்கு விட்டுப் பெட்ரோலை மிச்சம் பிடிக்க நீ காரில் மாட்டியிருக்கும் செல்லின் படங்களை நானும் அம்மாவும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். தகடுகளை வெட்டியிருக்கும் நேர்த்தியும் கேஸ்கெட் உட்கார்ந்திருக்கும் விதமும் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கை வராது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவது உனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

"குழாயில் கேஸ் குமிழி குமிழியாக வருகிறது அப்பா" என்று எழுதியிருந்தாய். வராமல் எங்கே போகும்? 1800-ல் நிக்கல்சனும் கார்லைலும் மின்கலத்தின் கம்பிகளைத் தண்ணீரில் விட்டுப் பார்த்த நாளிலிருந்து அது வந்துகொண்டுதான் இருக்கிறது. இதில் ஆளை மயக்குவதே அந்தக் குமிழிதான். டுபாக்கூர் சாமானாக இருந்தால் ஒன்றுமே நடக்காது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். இது நிஜமாகவே வேலை செய்கிறது, கேஸ் எரியவும் செய்கிறது. அதனால் பெட்ரோல் மிச்சமாகுமா என்பதுதான் கேள்வி.

கணக்குப் பார்ப்போம். உன்னுடையது ஏழு தகடு, அதாவது இரண்டு தகடுக்கு நடுவே ஒன்று என்று உள்ளே ஆறு செல். 14 வோல்ட்டில் 20 ஆம்ப் இழுக்கிறது என்கிறாய். 280 வாட். இவ்வளவு கரண்டுக்கு இவ்வளவு கேஸ் என்று சொல்லும் ஃபாரடே விதிப்படி ஒரு ஆம்ப், ஒரு செல்லில், ஒரு நிமிடத்துக்குச் சுமார் 11 மில்லிதான் கேஸ் தரும். ஆறு செல்லுக்கும் 20 ஆம்புக்கும் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்குதான் ஹைட்ரஜன். அதை எரித்தால் கிடைப்பது 150 வாட் அளவு. மணிக்கு நாலு லிட்டர் குடிக்கும் கார் பெட்ரோலிலிருந்து எடுப்பது 35,000 வாட்டுக்கு மேல். உன் ஹைட்ரஜன் அதில் அரை சதவீதம்கூட வராது.

சரி, அரை சதவீதமானாலும் சும்மா வந்தால் லாபம்தானே? சும்மா வரவில்லையே. 280 வாட் கரண்ட் எடுக்க, எஞ்சின் சுழற்றும் ஜெனரேட்டரான ஆல்டர்னேட்டர் பெல்ட்டிலிருந்து 500 வாட் போல வாங்குகிறது. எஞ்சின் பெட்ரோலில் நாலில் ஒரு பங்கைத்தான் சுழற்சியாக மாற்றுகிறது என்று வைத்துக்கொள், அந்த 500-க்காக 2,000 வாட் பெட்ரோல் எரிகிறது. 2,000 கொடுத்து 150 வாங்குகிறாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, இங்கே கூலி அதைவிடவும் மோசம்.

"ஆல்டர்னேட்டர் எப்படியும் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது" என்று நீ சொல்வாய். எல்லோரும் சொல்வதுதான். வண்டியை ஐட்லிங்கில் விட்டு ஹெட்லைட், பின் கண்ணாடி ஹீட்டர், ஃபேன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடு. எஞ்சின் சத்தம் ஒரு நொடி அமுங்கி, பிறகு சமாளித்துக்கொண்டு எழும். கரண்ட் கேட்டவுடன் ஆல்டர்னேட்டரின் தண்டு கனத்துவிடும். சும்மா சுற்றும் ஆல்டர்னேட்டரும் 20 ஆம்ப் கொடுக்கும் ஆல்டர்னேட்டரும் ஒன்றல்ல.

அப்புறம், மைலேஜ் ஏறியதாகச் சத்தியம் செய்கிறவர்கள். அவர்கள் எல்லோரும் பொய் சொல்லவில்லை. இந்த மாதிரி ஹைட்ரஜன் கிட் வாங்கி மாட்டியவன் அடுத்த ஒரு வாரம் ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிப்பான், டயருக்குக் காற்றுப் பிடிப்பான், ஃபில்டர் மாற்றுவான். மைலேஜ் ஏறாமல் என்ன செய்யும்? இன்னொரு வகை உண்டு. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் ஒயரில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, 'கலவையில் பெட்ரோல் அதிகம்' என்று எஞ்சின் கம்ப்யூட்டரை நம்ப வைப்பார்கள். அது பெட்ரோலைக் குறைக்கும். மிச்சமாவது அந்தப் பெட்டியால், ஹைட்ரஜனால் அல்ல. கலவை இப்படி வறண்டால் எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும், நைட்ரஜன் ஆக்சைடு புகை கூடும், பாரம் ஏறும்போது வால்வு கருகும். நான் மாற்றிய வால்வுகளில் சில அப்படிக் கருகி வந்தவைதான். தயவுசெய்து அந்தப் பெட்டியை வாங்காதே.

பெட்ரோலோடு ஹைட்ரஜன் கலந்து எஞ்சின் ஓட்டிப் பார்த்ததாக நீ குறிப்பிட்டிருந்த 1977 நாசா அறிக்கை நிஜம். ஹைட்ரஜன் சுவாலை வேகமாகப் பரவும், அதனால் பெட்ரோல் குறைந்த கலவையும் விட்டுவிடாமல் எரியும். அதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் ஹைட்ரஜனை எஞ்சினின் கரண்டிலிருந்து எடுக்கவில்லை. சிலிண்டரிலிருந்து கொடுத்தார்கள், மெத்தனாலிலிருந்து பிரித்தும் கொடுத்தார்கள். அளவும் உன் குழாயில் வருவதைப் போலப் பல மடங்கு. கிட் விற்பவர்கள் அறிக்கையின் அட்டையைக் காட்டுவார்கள், உள்ளே இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். தண்ணீரில் கார் ஓட்டுகிறேன் என்ற ஸ்டான்லி மேயர் மீது முதலீடு செய்தவர்கள் வழக்குப் போட்டு, 1996-ல் ஒஹாயோ நீதிமன்றம் அதை மோசடி என்றே தீர்ப்பளித்தது. ஹைட்ரஜன் கார் இல்லாமல் இல்லை. டொயோட்டா மிராய் மாதிரியான வண்டிகள் வேறெங்கோ தயாரித்த ஹைட்ரஜனை 700 பார் அழுத்தத்தில் தொட்டியில் சுமந்துகொண்டு போகின்றன. அது வேறு கதை.

லாப நஷ்டத்தைக்கூட விடு. என் தூக்கத்தைக் கெடுத்தது உன் மூன்றாவது படம். கேஸ் தண்ணீர் வழியாகக் குமிழிட்டுப் போகும் பப்ளராக ஒரு கண்ணாடி ஜாடி வைத்து, மூடியை சிலிக்கான் தடவி இறுக்கியிருக்கிறாய். உள்ளே தண்ணீர் கால் பாகம், மீதி முழுக்க கேஸ்.

பெட்ரோல் ஆவி எரிய வெளிக்காற்று வேண்டும். உன் கேஸில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏற்கெனவே சரியான விகிதத்தில் கலந்தே வருகின்றன, வெடிக்கக் காற்றே தேவையில்லை. தீப்பிடிக்க 0.02 மில்லிஜூல் போதும், பெட்ரோல் ஆவிக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு. செயற்கை நூல் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி வருமே, அதுவே அதிகம். எஞ்சின் ஒரு தடவை, காற்று உள்ளே போகும் இன்டேக் வழியாகத் திருப்பி அடித்தால் தீ குழாய்க்குள் ஓடி வரும். அதைத் தடுக்கத்தான் பப்ளர். அது முக்கால் பாகத்துக்கு மேல் தண்ணீரோடு இருக்க வேண்டும், பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், மூடி அழுத்தம் வந்தால் தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். கண்ணாடி வெடித்தால் சில்லு முகத்தில்தான் பாயும். இந்தக் கடிதத்தை இங்கேயே நிறுத்திவிட்டு, போய் அந்த ஜாடியை எடுத்துவிட்டு வா.

கனெக்ஷனையும் இக்னிஷன் ஸ்விட்சிலிருந்து நேராக எடுத்திருக்கிறாய். எஞ்சின் நின்றுபோய் சாவி ஆனில் இருந்தால் செல் பாட்டுக்கு கேஸ் விட்டுக்கொண்டே இருக்கும். அது ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சேரும். நீ மறுபடி ஸ்டார்ட் செய்வாய். மேலே சொல்ல வேண்டுமா?

தண்ணீர் பழுப்பாக இருப்பதும் கண்ணில் பட்டது. தகடு அரிக்கிறது. துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் இருக்கிறது, அதன் நச்சு வடிவம் அந்தத் தண்ணீரில் கலந்திருக்கலாம். சாக்கடையில் ஊற்றாதே, மூடிய கேனில் எடுத்து வை. அரிப்பை இன்னும் தாங்கும் 316எல் ரக எஃகுத் தகடாக மாற்று. அவசரத்துக்கு உப்புப் போடுகிற யோசனை வேண்டவே வேண்டாம், குளோரின் வரும்.

இதையெல்லாம் மூட்டை கட்டிவிடு என்று நான் சொல்லவில்லை. காரிலிருந்து கழற்றி, காற்றோட்டமான இடத்தில் மேசை மேல் வை. 30 ஆம்ப் ஃபியூஸ் போடு. வரும் கேஸை ஓரிடத்தில் சேர விடாமல் வெளியே விடு. அளக்க மட்டும், தண்ணீர் நிரப்பிய சின்ன பிளாஸ்டிக் அளவுக் குழாயைக் கவிழ்த்துச் சில நொடி பிடி, உடனே காலி செய், பிறகு நிமிடத்துக்குக் கணக்குப் போடு. செல்லுக்கு, ஆம்புக்கு 11 மில்லிக்கு மேல் வந்தால் துள்ளிக் குதிக்காதே, செல் சூடாகி நீராவி கலக்கிறது என்று அர்த்தம். சூடு ஏற ஏற ஆம்பும் ஏறும், ஆம்ப் ஏற ஏறச் சூடும் ஏறும். அதைக் கட்டுக்குள் வைக்க கரண்டை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து அளவைக் குறைக்கும் பிடபிள்யூஎம் சர்க்யூட் ஒன்றை நீயே செய்தால், அதற்கு நான் பத்து மடங்கு சந்தோஷப்படுவேன்.

காரில் மைலேஜ் சோதித்தே தீருவேன் என்றால், எஞ்சினுக்குக் குழாய் போகாமல், செல்லை வெறுமனே 280 வாட் பல்பாக நினைத்துக்கொள். செல்லுக்குப் பதிலாக அந்த அளவுக்குப் பல்புகளை எரியவிட்டு, ஒரே பாதையில், டேங்க் நிரப்பி நிரப்பி ஓட்டிப் பார். ஸ்விட்சை வேறு யாராவது போடட்டும், போட்டிருக்கிறதா இல்லையா என்பது உனக்குத் தெரியக் கூடாது.

உன் கையில் கையுறை இல்லை என்பதை அம்மாதான் முதலில் பார்த்தாள். தண்ணீரில் கரண்ட் நன்றாகப் பாய நீ கலக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் பார்வை போய்விடலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடு, அந்த ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு, அதன் மேல் தண்ணீரை ஊற்றாதே. அலுமினியப் பாத்திரம் கூடாது. ஜாடியை எடுத்ததும் ஒரு படம் அனுப்பு, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா