மகளிர் மன்றம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவி அக்காவுக்கும் கமிட்டியில இருக்கிறவங்களுக்கும் இன்னிக்கு வந்திருக்கிற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வழக்கமான விஷயங்களை சீக்கிரம் முடிச்சுடறேன், ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் கொஞ்சம் நேரம் குடுங்க.

மாசக் கூட்டம் 12க்கு 9 நடந்துச்சு, மீதி 3 கூட்டம் நடத்தத் தேவையான ஆள் (கோரம்) சேராம தள்ளிப்போச்சு. மார்ச் 8 மகளிர் தினம் நல்லபடியா நடந்துச்சு. ரத்ததான முகாம் ஒன்னு வச்சோம். தையல் வகுப்பு தொடருது.

இப்ப சனிக்கிழமை கூடல் பத்தி, அதாவது குழந்தை பெத்துக்கறது பத்தி பெண்கள்கிட்ட கேக்கற கேள்விகளை மனசு விட்டுப் பேச நான் ஆரம்பிச்ச கூட்டம். "வீட்டுக்குள்ள பேச வேண்டியதை மன்றத்துல கிளறுறாங்க, செயலாளர் தன் இஷ்டத்துக்கு ஒரு வேலையை எல்லார் தலையிலயும் கட்டுறாங்க"ன்னு கமிட்டியில பேச்சு வந்து அது மினிட்ஸ்லயும் ஏறிடுச்சு, அதனால இது ஏன் ஆரம்பிச்சேன்னு இந்த அறிக்கையிலயே பதிவு பண்ணிடறேன்.

முந்தின ஆண்டு விழா அன்னிக்கு வாசல்ல நம்ம உறுப்பினர் ஒருத்தங்களை நிறுத்தி "என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா, தள்ளிப் போடாதீங்க"ன்னு கேட்டது நான்தான். சுத்தி 4 பேர் நின்னாங்க. அவங்க சிரிச்சுட்டு உள்ள போயிட்டாங்க. அதுக்கப்புறம் வருகைப் பதிவேட்டுல அவங்க கையெழுத்தே இல்ல. சந்தா பாக்கின்னு வீட்டுக்குப் போனப்பதான் தெரிஞ்சுது, நான் கேட்டதுக்கு 3 வாரம் முன்னாடி அவங்களுக்கு கரு கலைஞ்சிருக்கு, அது ரெண்டாவது தடவை. சந்தாவை எண்ணி கையில குடுத்துட்டு "கூட்டத்துக்கு மட்டும் கூப்பிடாதீங்கக்கா"ன்னாங்க. நான் ஆரம்பிச்சது அதுக்காகத்தான், வேற எந்தக் காரணமும் இல்ல.

மொத்தம் 6 கூடல் நடந்துச்சு. பேர் போடாம எழுத ஒரு நோட்டு வச்சோம், உங்ககிட்ட யார் என்ன கேட்டாங்கன்னு. கல்யாணமான புதுசுல விசேஷம் உண்டா, ஒன்னு பொறந்தா அடுத்தது எப்போ, ரெண்டும் பொண்ணுன்னா ஆம்பளப் புள்ளைக்குப் பாருங்க, மூணாவது ஆச்சுன்னா இத்தனை எதுக்கு. எத்தனை பெத்தாலும் கேள்வி நிக்கல. கேட்டவங்கன்னு எழுதியிருந்தது பெரும்பாலும் பொம்பளைங்க, அதுல "மன்றத்துல ஒரு அக்கா"ன்னும் சில இடத்துல இருக்கு.

2 கூடலுக்கு டாக்டரம்மா ஒருத்தங்க காசு வாங்காம வந்தாங்க. கர்ப்பம்னு தெரிஞ்சதுக்கப்புறமும் 100க்கு 10லேர்ந்து 20 வரை தானா கலைஞ்சுடுது, ஆரம்பத்துல கலையறதுல ஏறக்குறைய பாதிக்கு கருவோட குரோமோசோம்ல, அதாவது மரபணுக்களைத் தாங்குற இழைகள்ல, வர்ற கோளாறுதான் காரணம், அந்தப் பொண்ணு வேலைக்குப் போனதோ படி ஏறினதோ இல்லன்னாங்க. குழந்தை உண்டாகாத சிரமம் உலகத்துல 6 பேர்ல ஒருத்தருக்கு வாழ்நாள்ல எப்பவாவது வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல சொல்லியிருக்கு. அப்படி சிரமப்படுற ஜோடிகள்ல கிட்டத்தட்ட பாதியில ஆண் பக்கமும் காரணம் இருக்கு. ஆனா பொண்ணுக்கு ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே, மயக்க மருந்து குடுத்து வயித்துல சின்னத் துளை போட்டுப் பாக்கிற லேப்ராஸ்கோப்பின்னு எல்லாம் முடிஞ்சப்புறம்தான் கணவரோட விந்துப் பரிசோதனை, அதுவும் எத்தனையோ வீட்டுல நடக்கிறதே இல்ல. ஆணா பொண்ணாங்கறதும் அப்பாகிட்டேர்ந்து வர்ற எக்ஸ், ஒய் குரோமோசோம்லதான் இருக்கு. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவுல 24 மாசமாவது விடணும்னு பரிந்துரை இருக்கு, நாம 10 மாசத்துலயே அடுத்ததைக் கேக்கறோம்.

ஒரு கூடல்ல நம்ம இளைய உறுப்பினர் எழுந்து எனக்குக் குழந்தை வேணும்னே தோணலன்னு சொன்னதும் 5 பேர் ஒரே நேரத்துல புத்தி சொல்ல ஆரம்பிச்சாங்க, வயசானா யார் பாத்துப்பான்னு. பாத்துக்க ஆள் வேணும்ங்கறதுக்காக ஒரு உசுரைப் பெத்துக்கறது அந்தக் குழந்தைக்கு நியாயமான்னு அந்தப் பொண்ணு திருப்பிக் கேட்டா, யாருக்கும் பதில் வரல. எனக்கும்தான். வேணும்னு ஏங்குறவளும் வேணாம்னு முடிவு பண்றவளும் எதிரெதிர் கட்சி இல்லங்க, ரெண்டு பேரையும் துளைக்கிறது ஒரே கேள்விதான்.

இதெல்லாம் உரிமைன்னு பேசற அளவுக்குப் பெரிய விஷயமான்னு ஒரு மூத்த உறுப்பினர் கேட்டாங்க. எத்தனை குழந்தை, எவ்வளவு இடைவெளின்னு சுதந்திரமா முடிவு பண்றது ஆணைப் போலவே பெண்ணுக்கும் உரிமை, அதுக்கு வேண்டிய தகவல் கிடைக்கறதும் உரிமைன்னு 1979ல ஐ.நா. ஏத்துக்கிட்ட, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கிற உடன்படிக்கையோட 16வது பிரிவுல எழுதியே இருக்கு. ருமேனியாவுல 1966லேர்ந்து 1989 வரைக்கும் பெத்தே ஆகணும்னு கருக்கலைப்பைத் தடை பண்ணினாங்க, ரகசியமா கலைக்கப் போய் ஆயிரக்கணக்கான பெண்கள் செத்துப்போனாங்க. சீனாவுல ஒன்னுக்கு மேல கூடாதுன்னு பல வருஷம் கட்டாயப்படுத்தினாங்க. அரசாங்கம் சட்டம் போட்டு செஞ்சதை நாம வாசல்ல நின்னு வாயாலயே செய்யறோம்.

வருத்தம் என்னன்னா முதல் கூடலுக்கு 23 பேர், கடைசிக்கு 7 பேர். நோட்டுல எழுதினவங்க திரும்பத் திரும்ப வந்தாங்க, கேள்வி கேக்கறவங்கதான் வரல. கணவர்களையும் கூப்பிட்டோம், 3 பேர் வந்தாங்க, அவங்களுக்கு தனியா நன்றி.

கணக்கைப் பொருளாளர் படிப்பாங்க, வரவும் செலவும் ஏறத்தாழ சரியா நிக்குது. கூடலுக்கு ஆன செலவு அந்த நோட்டும் ஜெராக்ஸும் மட்டும்தான். சந்தா பாக்கி 31 பேர், அதுல கமிட்டியில இருக்கிறவங்களே 4 பேர் இருக்காங்க. இன்னிக்கு முடியலன்னா இந்த மாசக் கடைசிக்குள்ள குடுத்துடுங்க.

தலைவிக்கும் பொருளாளருக்கும் டாக்டரம்மாவுக்கும் நாற்காலி அடுக்கிக் குடுத்த பிள்ளைகளுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் செயலாளரா யார் வந்தாலும் எனக்கு சம்மதம், கூடலை மட்டும் நிறுத்தாதீங்க, ரெண்டு பேர் முன்வந்தா நோட்டை அவங்ககிட்ட ஒப்படைச்சுடறேன். இன்னொன்னு, தொடர்ந்து 12 மாசம் கூட்டத்துக்கு வராதவங்க பேரை எடுத்துடணும்னு நம்ம விதியில இருக்கு. வாசல்ல நான் கேள்வி கேட்ட அந்த உறுப்பினரோட பேரும் அப்படி எடுக்க வேண்டிய பட்டியல்ல வருது. சந்தா கட்டியிருக்காங்க, வராம போனதுக்குக் காரணம் நான், அதனால அவங்க பேரை எடுக்கக் கூடாதுன்னு தீர்மானம் கொண்டு வரேன். யாராவது ஒருத்தர் வழிமொழியணும்.