அந்த சிஎன்சி மெஷினின் உறையைக் கழற்றுங்கள்: கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்களிடம் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, இப்போது தொழிற்சாலை வேலையில் இருக்கும் பழைய மாணவன் எழுதுகிறேன். சின்ன ஊர்க் கல்லூரியா என்று பலர் உச்சுக்கொட்டினார்கள், எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. வகுப்பில் கொஞ்சம் பேர்தான் என்பதால் யாருக்குக் கை நடுங்கும், யார் அவசரக்குடுக்கை என்பதெல்லாம் லேத், அதாவது கடைசல் மெஷின், சொல்லித்தரும் எங்கள் லேத் சாருக்கு அத்துப்படி. இரும்பை வெட்டும் டூலைச் சாணை பிடிக்கும்போது பின்னால் வந்து நின்று, சத்தத்தை வைத்தே "கோணம் சரியில்லை, எடு" என்பார். பெரிய கல்லூரியில் படித்த என் நண்பர்களுக்கு இது கிடைக்கவில்லை.

பிரச்சினை சிஎன்சி லேத்தான், கம்ப்யூட்டர் கட்டளைப்படி தானே கடையும் மெஷின். புதிதாக வாங்கினீர்கள், சந்தோஷம். ஆனால் விளம்பரத் தட்டியில் பார்த்த அளவுக்கு அதை நாங்கள் நேரில் பார்க்கவில்லை. ஆய்வுக்கு ஆள் வந்தால் உறையைக் கழற்றுவீர்கள், போனதும் மாட்டிவிடுவீர்கள். கேட்டால், பசங்க உடைச்சிடுவாங்க என்று பதில். சரி, ஜாப்பைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் அடிவாங்கினால் செலவு பெரிது, அந்தப் பயம் நியாயம்தான். அதற்காகக் கம்ப்யூட்டரில் சிமுலேஷன் ஓட்டிக் காட்டிக் கதையை முடித்தீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். திரையில் நேர்கோட்டில் வெட்டச் சொல்லும் ஜி01 கட்டளை கொடுத்தால் டூல் சமர்த்தாகப் போகும். ஜாப்பை, அதாவது கடையும் துண்டை, அதைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் சரியாகப் பிடிக்காவிட்டால் வரும் அதிர்வோ, டூல் முனை தேயத் தேய விட்டம் மெல்ல ஏறுவதோ, இரும்புச் சீவல் சுருள் சுருளாக ஜாப்பைச் சுற்றிக்கொள்வதோ அங்கே எங்கே தெரியும்?

நேர்முகத் தேர்வில் ஒரு ஷாஃப்டையும் வெர்னியரையும் நீட்டி, வரைபடத்தில் 25 ஸ்மால் எச் 7 என்றிருக்கிறது, இதைப் பாஸ் செய்வாயா என்றார்கள். 25 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, கீழே 0.021 மி.மீ. வரை குறையலாம். 0.02 மி.மீ. வரை மட்டுமே படிக்கிற வெர்னியரால் அதைத் தீர்மானிக்க முடியாது, மைக்ரோமீட்டர் வேண்டும் என்றேன். லேத் சார் எங்களை அளக்கவிட்டே உயிரை எடுத்ததன் பலன். அப்புறம் சிஎன்சி பக்கம் கூட்டிப்போய் ஆஃப்செட் எடுக்க, அதாவது டூல் முனை எங்கே இருக்கிறது என்பதை அளந்து மெஷினில் பதிக்க, சொன்னார்கள், பேந்தப் பேந்த முழித்தேன். வேலை கிடைத்தது, மெஷின் பொறுப்பில்லாத பயிற்சிப் பணியாளாக. நீங்கள் அதையும் பிளேஸ்மென்ட் கணக்கில் சேர்த்துத் தட்டி வைத்துவிட்டீர்கள்.

நகரத்துப் பையனுக்குக் கல்லூரியில் மெஷின் பூட்டிக் கிடந்தாலும் பக்கத்துத் தொழிற்பேட்டையில் நாலு கம்பெனி இருக்கும், எங்காவது போய் நின்று பார்த்துக்கொள்வான். நம் ஊரைச் சுற்றி என்ன இருக்கிறது? எங்களுக்கு இருப்பது உங்கள் மெஷின் ஒன்றுதான், அதையும் பூட்டினால் எங்கே போவது?

முதலில் நைலான் ராடில் பழகட்டும். வேகத்தைக் குறைத்து, சிங்கிள் பிளாக் போட்டு புரோகிராமை ஒவ்வொரு வரியாக ஓட்டட்டும், தப்பு நடந்தாலும் பொத்தானை அழுத்தி நிறுத்த நேரம் இருக்கும். வகுப்பு முடிந்த பிறகும் வொர்க்ஷாப் திறந்திருக்கட்டும், அதற்கென்று சம்பளத்துக்கு ஆள் போடுங்கள், அந்த வேலையையும் லேத் சார் தலையில் கட்டிவிடாதீர்கள். பழைய மாணவர்கள் சிலரோடு பேசிவிட்டேன், விடுமுறை நாட்களில் வந்து ஆஃப்செட் எடுக்கச் சொல்லித்தர நாங்கள் தயார். எந்தக் கிழமை தோதுப்படும், சாவியை யாரிடம் வாங்க வேண்டும் என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்