சிறுவர் பக்கத்தின் ‘வரலாற்றில் இன்று’ குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சிறுவர் பக்கத்தில் வெளிவரும் ‘வரலாற்றில் இன்று’ பகுதியை என் பிள்ளைகளுடன் சேர்ந்து விடாமல் படித்துவருகிறேன். பாடப்புத்தகத்தில் அறிவியல் அறிஞர்கள் ஒரு நூலிலும் அரசியல் தலைவர்கள் வேறொரு நூலிலும் இருப்பார்கள். தங்கள் பகுதியிலோ ஒரே தேதியின் கீழ் அவர்கள் அடுத்தடுத்த வரிகளில் வந்து நிற்கிறார்கள். பிள்ளைகளுக்கு இது பெரிதும் பிடித்திருக்கிறது. அதனாலேயே ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு செய்திகளை ஒற்றை வரிகளில் அடுக்காமல், இரண்டு மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்தத் தேதி நமக்கு எப்படித் தெரியவந்தது, அது எந்த நாள்காட்டியின் தேதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நவம்பர் 7-ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். 1867-இல் வார்சாவில் மேரி கியூரி பிறந்ததும், 1888-இல் திருச்சிராப்பள்ளி அருகே சர் சி.வி. ராமன் பிறந்ததும், 1917-இல் ரஷ்யாவில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் இதே தேதியில்தான். மூன்றையும் மூன்று வரிகளில் சொல்லிவிடலாம். ஆனால் மூன்றாவது வரியைப் படிக்கும் பிள்ளை, “நவம்பரில் நடந்ததற்கு ஏன் அக்டோபர் புரட்சி என்று பெயர்?” என்று கட்டாயம் கேட்கும். அதற்கான விடையில்தான் உண்மையான வரலாறு இருக்கிறது. அன்று ரஷ்யாவில் வழக்கில் இருந்தது ஜூலியன் நாள்காட்டி. அதன்படி அது அக்டோபர் 25. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் ஒரு நாளைக் கூட்டும் அந்த நாள்காட்டியின் ஆண்டு, சூரியனை வைத்துக் கணக்கிடும் உண்மையான ஆண்டைவிட ஏறத்தாழ 11 நிமிடம் நீளமானது. நூற்றாண்டுகள் சேரச் சேர அந்த நிமிடங்கள் நாள்களாகிவிட்டன. அதைச் சரிசெய்ய 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி புதிய நாள்காட்டியைக் கொண்டுவந்தபோது, அதை உடனே ஏற்ற நாடுகளில் அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. ரஷ்யா மாறியது 1918-இல்தான். அதற்குள் வேறுபாடு 13 நாளாக வளர்ந்துவிட்டதால், ஜனவரி 31-க்கு மறுநாள் அங்கே பிப்ரவரி 14 ஆயிற்று. இதைச் சொன்னவுடன் என் மகள், “அப்படியானால் பிப்ரவரி 5-ஆம் தேதி பிறந்த ரஷ்யப் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் பிறந்தநாளே வரவில்லையா?” என்று கேட்டாள். பன்னிரண்டு ஒற்றை வரிகளால் இப்படி ஒரு கேள்வியை எழுப்ப முடியாது.

இதே தேதிக்குரிய இன்னொருவர் லீஸ் மைட்னர். அணுக்கருப் பிளவு எப்படி நிகழ்கிறது என்பதை 1939-இல் ஆட்டோ ஃபிரிஷுடன் சேர்ந்து விளக்கிய அந்த இயற்பியல் அறிஞர், தம் பிறந்தநாளாகக் கொண்டது நவம்பர் 7. வியன்னாவின் யூதச் சமூகப் பிறப்புப் பதிவேட்டில் இருப்பதோ 1878 நவம்பர் 17. பதிவேடு ஒன்று சொல்ல, உரியவரே வேறொன்று சொன்னால் எதை நம்புவது என்று பிள்ளைகளை யோசிக்க வைக்கலாமே. வரலாற்று ஆசிரியர்கள் நாள்தோறும் செய்யும் வேலை அதுதான்.

ஏப்ரல் 23-க்கும் இத்தகைய விளக்கம் தேவைப்படுகிறது. ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616-இல் ஒரே நாளில் மறைந்ததாகப் பல இடங்களில் அச்சாகிறது. ஆனால் ஸ்பெயின் அப்போதே புதிய நாள்காட்டிக்கு மாறியிருந்தது. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. எனவே தேதி ஒன்றாகத் தோன்றினாலும், நடுவே பத்து நாள் இடைவெளி இருந்தது. போதாததற்கு, ஏப்ரல் 23 என்பது செர்வாண்டிஸ் அடக்கம் செய்யப்பட்ட நாள், அவர் இறந்தது அதற்கு முந்தைய நாள் என்பதே இன்று அறிஞர் பலரின் கருத்து. ஷேக்ஸ்பியர் பிறந்ததும் ஏப்ரல் 23 என்றே எழுதப்படுகிறது. ஆவணத்தில் உள்ளதோ 1564 ஏப்ரல் 26-இல் அவருக்கு ஞானஸ்நானம் தரப்பட்ட செய்தி மட்டும்தான். பிறந்த தேதி மரபாகச் சொல்லப்பட்டு வருவது. இவ்வாறான இடங்களில் ‘மரபாகக் கொண்டாடப்படும் நாள்’ என்று இரண்டு சொல் கூடுதலாகச் சேர்த்தால் போதும். பிள்ளைகள் அதைப் புரிந்துகொள்வார்கள்.

நேர வேறுபாடும் தேதியை மாற்றிவிடும். மனிதன் நிலவில் இறங்கிய நாள் 1969 ஜூலை 20 என்று நாம் அமெரிக்கக் கணக்கில் எழுதுகிறோம். ஈகிள் கலம் இறங்கியபோது இந்தியாவில் நள்ளிரவு தாண்டி 21-ஆம் தேதி பிறந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த தேதி பிப்ரவரி 29. மொரார்ஜி தேசாய் 1896-இல் அந்தத் தேதியில் பிறந்தார். அவருடைய முதல் பிறந்தநாள் நான்காம் ஆண்டில் வந்திருக்க வேண்டும். ஆனால் 1900 லீப் ஆண்டு அன்று. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் அது லீப் ஆண்டு. ஆகவே அவர் 1904 வரை எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. சரியாக அந்த நாளில்தான், 1904 பிப்ரவரி 29-இல், பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தார். பின்னாளில், 1977-இல் பிரதமராக இருந்த மொரார்ஜி, குடியரசுத் தலைவர் பதவிக்கு அவரை நிறுத்த விரும்பியபோது ருக்மிணி தேவி அதை ஏற்க மறுத்துவிட்டார். கணிதம், வரலாறு, கலை மூன்றும் ஒரே குறிப்பில் இவ்வளவு இயல்பாக வந்து சேர்வது அரிது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். ஒரே தேதியில் இரண்டு மேதைகள் பிறந்திருப்பதைப் பார்க்கும் பிள்ளைகள், அந்தத் தேதிக்கே ஏதோ ஆற்றல் இருப்பதாக நினைக்கத் தொடங்குகிறார்கள். சார்லஸ் டார்வினும் ஆபிரகாம் லிங்கனும் 1809 பிப்ரவரி 12 என்ற ஒரே நாளில் பிறந்ததை அறியும்போது வியப்பு வருவது இயற்கை. அந்த வியப்போடு நிகழ்தகவையும் சேர்த்துத் தரலாம். 23 பேர் ஓர் அறையில் இருந்தாலே, அவர்களில் யாராவது இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 253 இணைகள் கிடைக்கும் என்பதே இதற்குக் காரணம். 40 பேர் உள்ள வகுப்பில் இந்த வாய்ப்பு ஏறத்தாழ 89 விழுக்காடு. பிள்ளைகள் தங்கள் வகுப்பிலேயே கேட்டுப் பார்த்துவிடலாம். உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்ட நிலையில், ஒவ்வொரு தேதிக்கும் சராசரியாக இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் உரியவர்களாக இருக்கிறார்கள்.

துயர நிகழ்வுகளைத் தரும் முறையிலும் கூடுதல் கவனம் வேண்டும். ஆகஸ்ட் 6 பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் பிறந்த நாள். 1945-இல் ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசப்பட்ட நாளும் அதுவே. அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே சுமார் 1,40,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. இத்தகைய ஒரு நிகழ்வு, பிறந்தநாள் வரிகளுக்கிடையே அதே எழுத்தளவில் ஒரு வரியாக வந்து போவது சரியன்று. அதைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அன்றைய பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கி, வயதுக்கேற்ற சொற்களில், ஏன் நடந்தது, பிழைத்தவர்கள் பின்னர் எதற்காகப் பாடுபட்டார்கள் என்று எழுதுங்கள்.

சிறுவர் பக்கத்தில் இடம் குறைவு என்பதை அறிவேன். ஆகவே கூடுதல் இடம் கேட்கவில்லை. இருக்கும் இடத்தில் வரிகளைக் குறைத்து விளக்கத்தைக் கூட்டும்படியே கேட்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது, அந்த வாரத்துத் தேதிகளைப் பற்றிப் பிள்ளைகள் அனுப்பும் கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்து விடையளித்தால் மிகவும் மகிழ்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகி ஒருவர்