கல்லடிக்கு ஒரு கடிதம்

ஹற்றன்
20.07.2025

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. விடுதிக் காலத்துத் தகரப் பெட்டியைத் திறந்து பழைய தாள்களை வெயிலில் காயவைத்தாய் என்றும், அவற்றுள் நான் வரைந்த மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் பூச்சி அரிக்காமல் தப்பியிருந்தது என்றும் எழுதியிருந்தாய். அதை நீயே வைத்துக்கொள். அந்தப் பாலத்தை எத்தனை முறை பிழையாக வரைந்து கிழித்தேன் என்பதற்கு நீ ஒருத்திதான் சாட்சி.

உனக்கு ஒரு நல்ல செய்தி. என்னிடம் சித்திரம் படித்த பிள்ளை ஒருத்தி உளச்சார்புப் பரீட்சையில் தேறி, நாம் படித்த அதே சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு, அதிலும் நம்முடைய கட்புல தொழினுட்பக் கலைகள் துறைக்கே, தெரிவாகியிருக்கிறாள். கடிதத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தபோது அவளைவிட எனக்கே கை நடுங்கியது.

2010ஆம் ஆண்டு நான் அங்கு வந்திறங்கிய நாள் நினைவுக்கு வருகிறது. அதுவரை நான் கண்ட நிலமெல்லாம் சரிவாகவே இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்றால் எதிரே இன்னொரு மலை, அதற்கு மேலே விரற்கடை அளவு வானம். ஆகையால் தாளின் மேல் விளிம்புவரை பச்சையை நிரப்புவதுதான் என் வழக்கம். வெளிப்புற வரைதல் வகுப்பில் விரிவுரையாளர் என் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "உன் அடிவானம் எங்கே பிள்ளை?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. கடலோரத்தில் பிறந்த நீயோ எதை வரையத் தொடங்கினாலும் முதலில் ஒரு கிடைக்கோட்டை இழுத்துவிடுவாய். அந்தக் கோட்டை நீ யோசிக்காமலே இழுப்பதைக் கண்டு நான் உள்ளுக்குள் பொறாமைப்பட்டதை இன்று சொல்லிவிடுகிறேன்.

பிறகுதான் அவர் நம்மைப் பாலத்துக்கு அழைத்துச் சென்றார். பிரித்தானியர் காலத்து அந்த இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் அப்போது புதிய பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. அது 2013இல் திறக்கப்படும்வரை சுத்தியல் ஓசையையும் வாவிக் காற்றையும் கேட்டபடியே நாம் வரைந்தோம். பென்சிலைக் கிடையாகப் பிடித்துக் கண்ணுக்கு நேரே நீட்டச் சொன்னார். கண்மட்டத்துக்கு மேலுள்ள இரும்புச் சட்டங்கள் தூரம் போகப் போகத் தாழ்ந்து வருவதையும், கீழேயுள்ளவை உயர்ந்து வருவதையும், இரண்டும் ஒரு புள்ளியில் ஒடுங்குவதையும் அன்றுதான் பார்த்தேன். "மலைக்குள் அடிவானம் மறைந்துபோகலாம். கண்மட்டம் மறையாது, நீ போகுமிடமெல்லாம் உன்னோடு வரும்" என்றார். அதைக் கையால் கற்க எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

இந்தப் பிள்ளைக்கு அவ்வளவு காலம் எடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. சென்ற ஆண்டு அவள் ஒரு முழு பிரிஸ்டல் போட் அட்டையில் தன் தாய் கொழுந்து பறிப்பதை வரைந்து வந்தாள். முகம் இல்லை. இரண்டு கைகள், இடுப்பில் கட்டிய படங்கு, தேயிலைச் செடிகளின் மேல் குறுக்கே ஒரு மட்டக்கம்பு. மட்டக்கம்பு என்பது உனக்குத் தெரிந்திருக்காது. கொழுந்து பறிப்பவர்கள் செடிகளின் மேல் கிடையாக வைக்கும் மெல்லிய நீண்ட தடி அது. அதற்கு மேலே எழுந்து நிற்கும் தளிரை மட்டும் கிள்ளினால் செடிகளின் மேற்பரப்பு ஒரே மட்டமாக இருக்கும். சிறு வயதில் தாய்க்காகக் காத்துச் செடிகளுக்கிடையே குந்தியிருந்தபோது அவள் கண்ணுக்கு நேரே இருந்தது அந்தத் தடி. தாளின் குறுக்கே அதை வைத்து, மேலேயுள்ள நிரைகளை அதை நோக்கி இறக்கி, கீழேயுள்ள வேர்களையும் கற்களையும் அதை நோக்கி ஏற்றியிருந்தாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் அம்மாவும் முப்பது ஆண்டுகள் அந்தத் தடியோடுதான் மலை ஏறி இறங்கினார். நான் அதை ஒரு நாளும் வரைந்ததில்லை.

அவள் அந்தப் படத்துக்குப் பூசியது தேயிலைச் சாயம். 2022இல் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போனது நினைவிருக்கும். அந்த ஆண்டில் போஸ்டர் கலர் வாங்கி வரும்படி பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. தேயிலைத் தூளைச் சுண்டக் காய்ச்சித் துணியில் வடித்தால் நல்ல கபில நிறம் கிடைக்கிறது. துருப்பிடித்த ஆணிகளைச் சில நாட்கள் வினாகிரியில் ஊறவைத்து, அந்த நீரில் நாலைந்து துளிகளை அதில் விட்டால், தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கண்ணெதிரே கறுத்துவிடும். முதல் துளி விழுந்து கபிலத்துக்குள் புகைபோலப் பரவியபோது, "செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியில பிடிக்கிற கறுப்பு இதுதானே, டீச்சர்?" என்று கேட்டவள் இவள்தான். அன்றே எனக்கு இவள்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

வீட்டில் சம்மதம் எளிதாகக் கிடைக்கவில்லை. தந்தை தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறார். சித்திரம் படித்தால் எங்கே வேலை கிடைக்கும் என்று கேட்டார். நம்மோடு படித்தவர்களில் சிலர் ஆசிரியர்களானார்கள், சிலர் அச்சகங்களில் இருக்கிறார்கள், சிலர் தூரிகையைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சம்பளத்தில் விடுதி, சாப்பாடு, தாள், வண்ணம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபின் அவர் பேசாமல் இருந்ததை நான் பிழை சொல்லமாட்டேன். புதிய மாணவர்களைத் துன்புறுத்தும் பகிடிவதை பற்றியும் கேட்டார். அதற்கெதிராக 1998ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது என்றேன். சட்டத்தைக் காட்டிலும், நீ அங்கே இருக்கிறாய் என்பதுதான் அவருக்குச் சற்று ஆறுதல் தந்தது.

முடிவைச் சொன்னவர் தாய். மகளின் படத்தை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துச் சென்று, கொழுந்துக் கறை ஏறிய விரலால் அந்தத் தடியை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தடவிப் பார்த்தார். "மட்டம் சரியா இருக்கு" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குப் போகும் வழியில் என் வீட்டுக் கதவைத் தட்டி, பிள்ளை போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன்னிடம் கேட்பது இரண்டு மூன்று விடயங்கள்தான். இங்கே பனிமூட்டத்தில் நீர்வண்ணம் காய வெகுநேரம் ஆகும், ஈரத்தோடு ஈரம் கலக்க விட்டே அவள் பழகியிருக்கிறாள். அங்கே தூரிகை மறு ஓரத்தைத் தொடுமுன் முதல் ஓரம் காய்ந்துவிடும். முதல் மாதத்தில் நான் அழுததுபோல அவளும் கலங்கினால், தாளை முன்பே நனைத்துக்கொள்ளக் காட்டிக்கொடு, நீ எனக்குக் காட்டியதுபோல. கொழும்புக்குப் போகும் வாய்ப்பு வந்தால், ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டில் வைத்திருக்கும் '43 குழு' என்ற ஓவியர் குழுவின் படைப்புகளையும், பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் தீட்டிய சுவரோவியங்களையும் அவசியம் பார்க்கச் சொல். கீற் கண்டியில் பிறந்தவர் என்று அறிந்தபோது, மலைநாட்டிலிருந்தும் ஓர் ஓவியர் வரலாம் என்று எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது!

அடுத்த மாதம் தாயும் மகளும் பதுளைக்கு வந்து, பிபிலை, மகாஓயா, செங்கலடி வழியாகப் பஸ்ஸில் வருவார்கள். எந்த நாள் என்று தொலைபேசியில் சொல்கிறேன். தாய் இதுவரை கடலைக் கண்டதில்லை. விடுதிக்குக் கூட்டிப்போகுமுன் இருவரையும் சற்றுநேரம் கல்லடிக் கடற்கரைக்கு அழைத்துச் செல்.

அவர்களிடம் இரண்டு பொதி தேயிலைத் தூள் கொடுத்துவிடுகிறேன். நல்லது உனக்குக் குடிப்பதற்கு. மற்றது கழிவுத் தூள், அது அவள் மை காய்ச்சுவதற்கு. மாறிவிடாமல் இரண்டிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் தோழி