வேலூர் டிடிபி கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம், டைப் செய்து பக்கம் வடிவமைத்துத் தரும் டிடிபி கடை நடத்தும் அண்ணன்மார், அக்காமார், தம்பிகளுக்கு வணக்கம்.

கடையில் கள்ள சாஃப்ட்வேர் வைத்திருப்பதற்காக யாரையும் திருடன் என்று திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அதற்கு இணையத்தில் ஆள் நிறைய இருக்கிறார்கள். கிராக் போடுகிறவனெல்லாம், அதாவது காசு கட்டாமல் சாஃப்ட்வேரின் பூட்டை உடைத்துப் போடுகிறவனெல்லாம் திருடன் என்று ஒரு கூட்டம், சாஃப்ட்வேருக்குப் போய்க் காசா என்று இன்னொரு கூட்டம். ஒரு பக்கம் டைப் செய்ய நீங்கள் வாங்கும் கூலி எனக்குத் தெரியும். மாதாமாதம் சந்தா கட்டி ஃபோட்டோஷாப் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் வயிற்றெரிச்சல் வேறு. பாலாற்று ஊற்றுக்கால்வாய்களைப் பற்றி அப்பா எழுதிய சின்னப் புத்தகத்தை 2011-ல் ஒரு கடையில் கொடுத்து அச்சடித்தோம். போன வருடம் மறுபதிப்புக்குப் போனால், சிஸ்டத்தில் வைரஸ் புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டது சார் என்கிறார் கடைக்காரர். கிராக் போடும்போது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்களே, அப்படி நிறுத்தியதை அவர் திரும்பப் போடவே இல்லையாம்.

நல்லவேளை, ஒரு பென் டிரைவில், பக்கம் வடிவமைக்கும் பழைய சாஃப்ட்வேரான பேஜ்மேக்கரின் ஃபைல் கிடந்தது. 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7-தான் கடைசி, அதற்குப் பிறகு அதை விற்ற அடோபி கம்பெனியே அதைக் கைகழுவிவிட்டது. ஒருவழியாக உள்ளே இருந்த எழுத்தை உருவினால் எல்லாம் கிறுக்கல். காரணம், ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வடிவத்தை மாட்டிவிடும் பாமினி என்ற பழைய எழுத்துரு! அதில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில்தான் அம்மா, ஃபைலில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டருக்கு அது தமிழே இல்லை, தேடினாலும் அகப்படாது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறைக்குத் தமிழக அரசு 2010-லேயே மாறச் சொல்லிவிட்டது, நாம்தான் இன்னும் பழைய பெட்டியிலேயே தமிழைப் பூட்டி வைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றி, வரி வரியாகப் பிழை பார்த்து முடிப்பதற்குள் கண் பூத்துப் போனது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த அல்ல. கள்ள நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதவருக்கு நீதிமன்றம் சிறையை விலக்கலாம், ஆனால் கடை என்றாலே வியாபாரம்தானே, அந்தச் சலுகை உங்களுக்கு வராது.

காசில்லாமல், கிராக்கும் இல்லாமல் வேலை நடக்க வழி இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை டிசைனுக்கு இன்ஸ்கேப், ஃபோட்டோவுக்கு கிம்ப், புத்தகம் கட்ட ஸ்கிரைபஸ். மூன்றையும் கடையில் வைத்துச் சம்பாதிக்க உரிமமே அனுமதிக்கிறது, எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம். பிரஸ்காரர் கோரல் டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரின் ஃபைல்தான் கேட்பார் என்பீர்கள், அது உண்மைதான். முதல் ஒரு மாதம் கை தடுமாறும் என்பதும் உண்மை. நாலு கலருக்குப் பிரித்த பிடிஎஃப்பை ஸ்கிரைபஸ் தரும், அதைக் கொடுத்துப் பாருங்கள்.

அதுவும் இப்போதைக்கு முடியாது என்றால் போகட்டும், ஒன்றே ஒன்று செய்யுங்கள். இனி யார் டைப் செய்யக் கொடுத்தாலும் யூனிகோடில் அடித்து, பிடிஎஃப்போடு அந்த டைப் செய்த ஃபைலையும் அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். இன்ஸ்கேப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், வருகிறேன். டீ மட்டும் உங்கள் செலவு.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்