போர்டு கழுவும்போது கவனிக்க

கிருஷ்ணகிரி, ஓசூர் சர்வீஸ் நண்பர்களுக்கு வணக்கம். சர்க்யூட் போர்டில் சாலிடர் வைத்தபின் பஞ்சால் துடைத்தால் மட்டும் ஃப்ளக்ஸ் (சாலிடர் நன்றாக ஒட்ட உதவும் பிசின்) போகாது, பரவும். ஐசி (சிப்) கால்களுக்கிடையே தங்கிய பிசின் ஈரம் பட்டதும் மின்கசிவையும் அரிப்பையும் உண்டாக்கும். கழுவத் தேவையில்லை எனப்படும் 'நோ கிளீன்' ஃப்ளக்ஸும் முழுச் சூடு படாத இடத்தில் நம்பத்தக்கதல்ல.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தாராளமாக விட்டு, பிரஷால் தேய்த்து, உலர்வதற்குள் நூல் பிரியாத துணியால் ஒற்றி எடுங்கள். பின்பு புதிய ஆல்கஹாலில் மறுபடி அலசுங்கள். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வெள்ளைப் படலம் படிவது பெரும்பாலும் அதனால்தான். கைகழுவும் சானிடைசர் வேண்டவே வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கின்றன. தின்னர் பிளாஸ்டிக் கனெக்டரைக் கெடுத்துவிடும்.

ஆல்கஹாலின் ஆவி சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்; ஓசூர் மார்கழிக் குளிர்கூட அதைத் தடுக்காது. சாலிடரிங் அயர்ன், ஹாட் ஏர் (சூடான காற்று ஊதும் கருவி) இரண்டையும் தயவுசெய்து முதலில் அணைத்துவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.