பறவை பார்க்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஓத அட்டவணை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளிர்காலக் கடற்கரைப் பயணம் பற்றிய உங்கள் பயணப் பக்கக் கட்டுரை, பறவை பார்க்கவும் நடக்கவும் போகிறவர்களுக்குக் கார் இல்லாமல் சரிப்படாது என்று முடித்திருந்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் போய் இதைச் செய்து பழகிய எங்களால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கார் இல்லாதவர்கள் பலர் ஏமாந்து திரும்புவது உண்மைதான். ஆனால் அவர்கள் முதலில் அறையைப் பதிவு செய்கிறார்கள், பிறகு பஸ் நேரம் பார்க்கிறார்கள், கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதைப் போய் இறங்கிய பிறகுதான் விசாரிக்கிறார்கள். கோளாறு அந்த வரிசையில் இருக்கிறது.

உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் போன்ற கரைப்பறவைகள் ஓதத்தை, அதாவது கடல் ஏறி வற்றுவதை, வைத்தே நாளை ஓட்டுகின்றன. கடல் வற்றிச் சேற்றுப்பரப்பு வெளியே தெரியும்போது கிலோமீட்டர் கணக்கில் சிதறி மேயும். நல்ல பைனாகுலரிலும் அப்போது அவை நகரும் புள்ளிகள்தான். தண்ணீர் ஏற ஏறக் கரைப்பக்கம் ஒதுங்கும். உயர் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு போய் உட்கார்ந்துவிட்டால், பறவைகளே நம்மை நோக்கி வரும். உச்சத்தில் மணல்திட்டிலோ கூழாங்கல் மேட்டிலோ அடைசலாக நின்று தூங்கும். ஜனவரியில் நடக்கும் சர்வதேச நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் கழிமுகங்களில் பறவைகளை எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பெரும்பாலான கடற்கரைகளில் சுமார் 24 மணி 50 நிமிடத்துக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்கும். அதனால் இன்று பத்து மணிக்கு உச்சம் என்றால் நாளை பதினொன்றை நெருங்கும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்றம் அதிகம். அஷ்டமி, நவமி வாக்கில் குறைவு. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு குறிப்பிட்ட இடத்தில் அந்தப் பெரிய ஓதம் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் உச்சம் தொடும். நீங்கள் போகும் கழிமுகத்தில் அது நண்பகல் என்றால் யோசிக்கவே வேண்டாம், பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். அது காலை ஏழு, மாலை ஏழு என்றால் அதே நாட்கள் வீண். இரண்டு உச்சமும் இருட்டிலோ அரைவெளிச்சத்திலோ போய்விடும். அங்கே மூன்று நாள் தள்ளிப் போனால் உச்சம் ஒன்பது, ஒன்பதரைக்கு வரும், தண்ணீரின் உயரமும் பெரிதாகக் குறைந்திருக்காது. ஆகவே முதலில் ஓத அட்டவணையைத் திறந்து வாரத்தை முடிவு செய்யுங்கள். மத்தியதரைக் கடல் போல ஓதமே பெயரளவில் இருக்கும் இடங்களில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பகல் வெளிச்சத்தையும் காற்றையும் வைத்துத்தான் திட்டம்.

அடுத்தது பகல் நீளம். டிசம்பர் கடைசியில் 50 டிகிரி வட அட்சரேகையில் பகல் எட்டு மணி நேரம்தான். 40 டிகிரியில் ஒன்பதே கால். நல்ல பாதையில் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் நடக்கிறவரும், கூழாங்கல் கரையிலோ இளகிய மணலிலோ அதில் பாதிதான் நடப்பார். நின்று நின்று பறவை பார்த்தால் இரண்டு கிலோமீட்டரே அதிகம். மொத்த நாளுக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். பாறைமுகடுகளில் ஏறி இறங்கும் பாதை என்றால் அதிலும் குறையுங்கள். வரைபடத்தில் தட்டையாகத் தெரிகிற கரைப்பாதை, ஒவ்வொரு சிறு குடாவிலும் கடல்மட்டம் வரை இறக்கி மறுபடி ஏற்றிவிடும்.

இனி பஸ். காலையில் பஸ் பிடித்துத் தொலைவான முனைக்குப் போய், அங்கிருந்து தங்குமிடம் நோக்கி நடந்து வாருங்கள். இந்த ஒரு ஏற்பாட்டிலேயே பாதிக் கவலை தீர்ந்துவிடும். காலைப் பஸ் வராவிட்டால் அந்த நாள்தான் போகும். மாலைப் பஸ்ஸை விட்டால் இருட்டில் வெட்டவெளியில் நிற்க வேண்டும். கார்க்காரர் நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும், நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கழிமுகத்தின் ஒரு கரையில் இறங்கி மறுகோடி வரை நேராக நடக்கலாம். நேர அட்டவணையில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் போகாதீர்கள்: குளிர்கால அட்டவணை தனியாக இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லாமல் இருக்கலாம், சில வண்டிகள் பள்ளி நடக்கும் நாளில் மட்டும் ஓடும். கடைசியாகச் சொன்னதுதான் விடுமுறையில் போகிறவர்களை நட்டாற்றில் விடுவது. மாலையில் பஸ்ஸையே நம்ப வேண்டிய நாளில் கடைசி வண்டிக்கு முந்திய வண்டியைக் குறிவையுங்கள்.

எந்த முனையில் தொடங்குவது என்பதைக் காற்றும் வெயிலும் சொல்லும். முகத்தில் காற்றடித்தால் கண்ணில் நீர் கட்டும், பைனாகுலர் ஆடும். எனவே முதுகில் காற்று. வடகோளத்தின் வடபாதியில் குளிர்காலச் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே தாழ்ந்திருக்கும். கழிமுகத்தின் தென்கரையில் நின்று வடக்கே பார்த்தால் இறகின் நிறம் தெரியும், எதிர்க்கரையில் நின்றால் வெறும் நிழலுருவம்தான்.

கடைசியாகத்தான் அறை. ரயில் நிலையமோ பெரிய பஸ் நிறுத்தமோ ஒரு பக்கம், கழிமுகம் ஒரு பக்கம், இரண்டும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சிற்றூராகப் பாருங்கள். கூஸ் வகைக் காட்டு வாத்துகள் விடியலில் கிளம்பி அந்தியில் திரும்பும், அந்த நேரத்துக்குப் பஸ் இருக்காது. ஒரே அறையில் மூன்று இரவு தங்கினால் ஓதம் நகர்வதும் நமக்குச் சாதகம், மூட்டையைச் சுமந்து நடக்கவும் வேண்டாம். குளிர்காலத்தில் கரையோர ஊர்களில் பல உணவகங்கள் மூடியிருக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் அந்த இடத்தின் பட்டியல்களைத் திறந்து, பட்டியல் தொடங்கிய நேரத்தை அன்றைய ஓதத்தோடு ஒப்பிட்டால் எங்கே, எப்போது நிற்க வேண்டும் என்பது விளங்கிவிடும். பிரபலமாகக் குறிக்கப்பட்ட இடங்களில் சில வெறும் வண்டி நிறுத்துமிடங்கள் என்பதையும் மறக்க வேண்டாம்!

சுமையில் கணக்காக இருங்கள். 8x42 பைனாகுலர், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்லென்ஸ் கொண்டது, போதும். 42ஐ 8ஆல் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ., அந்தி வெளிச்சத்துக்கு 10x42ஐவிட இதுவே மேல். டெலஸ்கோப்பும் ட்ரைபாடும் சேர்ந்தால் மூன்று கிலோவைத் தொடும், இருவருக்கு ஒன்று போதும். லென்ஸில் உப்புத்துளி காய்ந்திருந்தால் துணியால் தேய்க்காதீர்கள், மேல்பூச்சில் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றிய பிறகு துடையுங்கள். நடக்கும்போது உறைக்காத குளிர் உட்கார்ந்த கால் மணி நேரத்தில் எலும்பைத் தொடும். பருத்தி உடை வியர்வையில் நனைந்தால் காயாது. காற்றுத் தடுக்கும் மேலுடையும், உட்காரச் சிறு பாய்த்துண்டும் கட்டாயம். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும். உள்பையில் வையுங்கள், ஓத நேரத்தையும் பஸ் நேரத்தையும் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

உயிருக்கு ஆபத்தானது ஒன்று உண்டு. வற்றத்திலிருந்து உச்சம் வரையான ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் தண்ணீர் ஏறும். மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் மொத்தத்தில் பாதி ஏறிவிடும். ஆறு மீட்டர் ஏறும் கரையில் முதல் மணியில் அரை மீட்டர், நடு இரண்டு மணியில் மூன்று மீட்டர். அதுவும் நமக்குப் பின்னால் இருக்கும் ஓடைகளை முதலில் நிரப்பிக்கொண்டு வரும். பாறைமுகட்டுக்கு அடியில் நடக்க வேண்டியிருந்தால் கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும் நுழையுங்கள். அட்டவணை சொல்லும் உயரம் அமைதியான வானிலைக்கானது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் ஒரு செ.மீ. உயரும், கரைநோக்கிய புயற்காற்று அதற்கு மேலும் ஏற்றிவிடும்.

அடைந்து நிற்கும் பறவைகள் தலை தூக்கினால் அதற்குமேல் ஓரடி வைக்காதீர்கள். 2022 அக்டோபரில் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. இறங்காமல் 11 நாளில் பறந்தது, உடலில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான். படம் எடுக்க நெருங்கிக் கூட்டத்தைக் கிளப்புகிறவர் அந்தச் சேமிப்பில்தான் கை வைக்கிறார்.

உங்கள் பயணப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கடற்கரை ஊர் எதைப் பற்றி எழுதினாலும் அந்த வாரத்தின் உயர் ஓத நேரம், சூரிய உதயம், அஸ்தமனம், நடைபாதையின் இரு முனைகளிலும் உள்ள பஸ் நிறுத்தங்களின் பெயர் ஆகியவற்றைச் சிறு கட்டத்தில் போடுங்கள். கார் நிறுத்தக் கட்டண விவரத்துக்கு ஒதுக்கும் இடமே இதற்குப் போதும்.

இப்படிக்கு,
கரைப்பறவை நோக்கும் வாசகர்கள் சிலர்